விளையாடுவோர் கருத்து சான்றாகாதோ?

ஒரு விளையாட்டின் விரிவாக்கத்தைப் பற்றி அதை விளையாடியவர் கூறும் கருத்து ஆய்வேட்டில் சான்றாக நிற்குமா? இவ்வினாவுக்குப் பல்கலைக்கழகத் துறைகள் பெரும்பாலும் தரும் விடை ஓர் இளநகை. ‘அது ரசிகர் பேச்சு; ஆய்வு வேறு’ என்பது அந்நகையின் பொருள். ஐதராபாத்தின் மெட்டுகுடாவுக்கு அடுத்த மெட்ரோ நிலையம் தார்நாகா. அங்கே ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், அதனை ஒட்டி உஸ்மானியா. இவ்வளாகங்களில் பயிலும் தமிழ் மாணவர் சிலர் மெட்டுகுடாவின் ரயில்வே குடியிருப்புகளை அடுத்த தெருக்களில் வாடகை அறைகளில் தங்குகின்றனர். அவ்வறைகளில் நள்ளிரவில் நிகழும் வாதம், பகலில் கருத்தரங்கக் கூடத்தில் நிகழும் வாதத்தினும் தாழ்ந்தது என்று முன்கூட்டியே தீர்ப்பளிக்கும் வழக்கம் அறிவுக்குப் பொருந்தாதது.

சான்றாக ஒரு விரிவாக்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ‘டூம்’ 1993 டிசம்பர் 10 அன்று வெளியான விளையாட்டு. துப்பாக்கி ஏந்தியவனின் கண்வழியே உலகைக் காட்டும் சுடுவிளையாட்டுகளுக்கெல்லாம் இலக்கணம் வகுத்தது. அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்து, 2024 ஆகஸ்டில், ‘லெகசி ஆஃப் ரஸ்ட்’ என்னும் புதிய விரிவாக்கம் வந்தது. ஐடி சாஃப்ட்வேர், நைட்டைவ், மெஷின்கேம்ஸ் ஆகிய மூன்று கூடங்களின் கூட்டுழைப்பு அது. புதிய பகைவர்கள், இரண்டு பாகங்கள், இரண்டு புதிய ஆயுதங்கள். இவற்றுள் ஆயுதங்களே சண்டையைக் கிளப்பின. பிளாஸ்மா துப்பாக்கியின் இடத்தில் தீயுமிழும் ‘இன்சினரேட்டர்’. பெரும்புகழ் பெற்ற ‘பி.எஃப்.ஜி. 9000’ இருந்த இடத்தில் ‘கலாமிட்டி பிளேடு’. சேர்க்கப்பட்டவை அல்ல, பழையவற்றை அகற்றிவிட்டு அமர்த்தப்பட்டவை. ‘பி.எஃப்.ஜி. இல்லையேல் அது டூம் அன்று’ என்றனர் ஒருசாரார். ‘முப்பது ஆண்டுப் பழக்கத்தை உடைத்ததே இதன் சிறப்பு’ என்றனர் மறுசாரார்.

இதனைக் கேட்டுப் பேராசிரியர் நகைக்கலாம். ஆனால் முதற்கூற்றில் அடங்கியிருப்பது என்ன? பி.எஃப்.ஜி.யின் பச்சை உருண்டை இலக்கில் மோதி வெடிப்பது கண்ணுக்குத் தெரியும் பாதி மட்டுமே. மோதிய சற்று நேரத்தில், சுட்டவன் அப்போது நிற்கும் இடத்திலிருந்து, முதலில் சுட்ட திசை நோக்கி, கண்ணுக்குப் புலப்படாத நாற்பது கதிர்கள் விசிறிபோல் விரிந்து தாக்குகின்றன. ஆகவே சுட்டுவிட்டு ஓடி வேறிடம் சேர்பவன், கதிர்கள் எங்கிருந்து புறப்பட வேண்டும் என்பதைத் தானே தேர்ந்துகொள்கிறான். இந்நுட்பம் வாங்கியவர் கையில் கிடைத்த கையேட்டைப் படித்து அறிந்ததன்று. விளையாடுவோர் மீண்டும் மீண்டும் சுட்டுப் பார்த்து, ஒருவர் கண்டதை மற்றவர் மறுத்து, குறிப்பெழுதிப் பரப்பிச் சேர்த்த அறிவு. ‘அது டூம் அன்று’ என்பவர், இந்த ஆயுதம் போனால் ஓடுவதற்கும் சுடுவதற்கும் இடையிலுள்ள உறவே மாறிவிடும் என்கிறார். ஏக்கமாக ஒலிப்பினும் அது வடிவம் பற்றிய வாதம். கலாமிட்டி பிளேடு அழுத்திப் பிடிக்குந்தோறும் வலுவேறி, அகன்ற தீயலையாகப் பாய்வது. அதற்கு வேண்டுவது பொறுத்து நிற்றல். ஓட்டத்தின் ஆயுதத்தை எடுத்துவிட்டு நிற்றலின் ஆயுதத்தைத் தந்தது விரிவாக்கம் என்று இதனைச் சுருக்கிச் சொல்லும் திறனாய்வாளரை எந்தக் கருத்தரங்கும் கைதட்டி வரவேற்கும். அதையே கொச்சைத் தமிழில், நடுவே இந்தியும் தெலுங்கும் கலந்து, நாற்காலியில் சாய்ந்தபடி ஒருவர் சொன்னால் அது ‘பேச்சு’ ஆகிவிடுகிறது.

தமிழ் பயின்றோர் இவ்வேறுபாட்டைக் கடைப்பிடிப்பது பெருவியப்பு. கம்பராமாயணத்தில் எது கம்பன் வாக்கு, எது பின்னோர் செருகியது என்று தலைமுறை தலைமுறையாக வாதிட்ட மரபு இது. வெள்ளியம்பலவாணத் தம்பிரான் பெயரால் ‘வெள்ளி பாடல்கள்’ எனச் சுட்டப்பட்டவை உண்டு. பதிப்பாசிரியர்கள் ஐயத்துக்குரியவற்றை ‘மிகைப்பாடல்கள்’ என்று பிரித்து அச்சிட்டனர். பிரிப்பதற்கு அவர்கள் கொண்ட அளவுகோல் யாது? ஓசை, சொல்லாட்சி, நூலின் போக்கோடு இயைதல். முதல்நூலில் நெடுநாள் தோய்ந்த செவி ‘இது கம்பன் ஓசையன்று’ என்கிறது. அதே டூமில் நெடுநாள் தோய்ந்த கை ‘இது டூமின் நடையன்று’ என்கிறது. முன்னதற்குப் புலமை என்று பெயர். பின்னதற்கு மட்டும் பொழுதுபோக்கு என்று பெயரா?

எதிர்வாதம் ஒன்று உண்டு; அது அற்பமானதன்று. விளையாடுவோர் கருத்தில் இளமை நினைவின் மயக்கம் உண்டு, கும்பலின் வெறுப்பு உண்டு, உரக்கப் பேசுபவரின் ஆதிக்கம் உண்டு. உண்மையே. ஆயின் உரையாசிரியர்களில் சார்பற்றவர் யார்? நச்சினார்க்கினியர் சொற்களை நெடுந்தொலைவு இடம்பெயர்த்துப் பொருள் கொண்டார். மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் அதனைக் கடிந்தார். அதனால் நச்சினார்க்கினியர் உரையைப் பாடத்திட்டத்திலிருந்து எவரும் நீக்கவில்லை. சார்பு இருப்பது ஓர் உரையைக் கவனமாகப் படிக்கக் காரணமாகுமேயன்றிப் படிக்காமலிருக்கக் காரணமாகாது.

முற்றாக ஒதுக்குவோரினும் கேடு செய்பவர் இன்னொரு கூட்டத்தார். இவர்கள் விளையாடுவோர் கருத்தை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு, விண்மீன் குறிகளையும் ‘பரிந்துரைக்கிறேன்’ பொத்தான்களையும் எண்ணிச் சராசரி எடுத்து, வரைபடம் வரைந்து கட்டுரை வெளியிடுகின்றனர். 1995இல் ‘தி அல்டிமேட் டூம்’ பதிப்போடு வந்த நான்காம் பாகத்தை நோக்குக. அமெரிக்கன் மெக்கீ அமைத்த முதற்கட்டமும் ஜான் ரொமேரோ அமைத்த இரண்டாம் கட்டமும் கடுமையில் பேர்போனவை; பின்வருவன பலவும் அவற்றினும் எளியவை. ‘ஏற்றம் தலைகீழாக இருக்கிறது’ என்பது விளையாடுவோரின் பழைய குறை. இக்குறையின் பொருள், அவர் எந்தக் கடினநிலையில் ஆடினார், முதல் மூன்று பாகங்களை முடித்துவிட்டு வந்தாரா என்பதைப் பொறுத்தது. ஐந்துக்கு மூன்று என்னும் எண்ணில் இவற்றுள் ஒன்றும் இல்லை. ரொமேரோ 2019 மே 31 அன்று இலவசமாக வெளியிட்ட ‘சிகில்’ விரிவாக்கத்துக்கும் இதுவே பொருந்தும். இருள் மிகுதி, இடுக்கு மிகுதி என்று சினந்தவரும், அவ்விருளையும் இடுக்கையுமே புகழ்ந்தவரும் ஒரே கட்டங்களைப் பற்றித்தான் பேசினர். சராசரி எடுத்தால் இருவரும் மறைந்து, எங்கும் இல்லாத ஒரு மூன்றாமவர் தோன்றுகிறார்; ஆய்வுக் கட்டுரை அவரையே மேற்கோள் காட்டுகிறது!

அந்த மூன்றாமவர் ஆங்கிலத்தில் எழுதுபவர் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐதராபாத்தின் இணைய மையங்களில், மணிக்கணக்கில் காசு கொடுத்து, ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’ ஆடிய ஒரு தலைமுறை உண்டு. 1999இல் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின்மேல் ரசிகர் கட்டிய மாற்றாகத் தொடங்கி, மறு ஆண்டே விற்பனைப் பொருளாகி, 2004இல் ‘கண்டிஷன் ஜீரோ’ என்று மறுவடிவம் கண்டது அது. பழைய 1.6 பதிப்பா, கண்டிஷன் ஜீரோவா என்னும் பூசல் அந்நாளில் எவ்வளவு கடுமையாக நடந்தது என்பதை அம்மையங்களில் அமர்ந்தவர் அறிவர். எந்த நூலகத்திலும் அதன் தடயம் இல்லை. அது வாய்மொழி, எழுத்தில் ஏறியதே இல்லை. அன்று பதினெட்டு வயதினர் இன்று நாற்பதைத் தொட்டுவிட்டனர். மையங்கள் பல மூடப்பட்டுவிட்டன. நாட்டுப்புறப் பாடலுக்காக ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராய்ச் சென்ற துறைகள், வளாக வாயிலுக்கு வெளியே உள்ள தெருவுக்கு ஒருமுறையேனும் சென்றிருக்கலாம்.

உரிமைப் பூசலும் இதில் உண்டு. 2024 பதிப்போடு, ரசிகர் உருவாக்கிய கட்டங்களைப் பகிரும் வசதியும் வந்தது. வெளியான சில நாட்களிலேயே, பிறர் உழைத்து உருவாக்கியவற்றை அவர்தம் இசைவின்றி வேறு சிலர் ஏற்றினர், உருவாக்கியோர் கொதித்தெழுந்தனர். ஐடி சாஃப்ட்வேரைத் தன் குடைக்கீழ் வைத்திருந்த நிறுவனத்தை 2021இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட்டே இன்று டூமின் உரிமையாளர். அதன் பெருவளாகம் கச்சிபவுலியில் உள்ளது. மெட்டுகுடாவில் ஏறினால் நீலத்தடம் ராய்துர்க் வரை, அவ்வளாகம் இருக்கும் பக்கமே கொண்டு சேர்க்கும். விரிவாக்கம் யாருக்குச் சொந்தம், முப்பது ஆண்டுகள் ஊதியமின்றி அதனை உயிரோடு வைத்திருந்தவருக்கு என்ன உரிமை என்று கேட்டவர்கள் விளையாடியவர்களே. ஊடகவியல் துறையும் சட்டத்துறையும் அக்கேள்வியைக் கருத்தோடு கேட்கவேண்டும்.

துறைகள் செய்யத்தக்கது மிக எளிது. விளையாடியவரின் கருத்தை முதன்மைச் சான்றாக ஏற்று, உரைக்குரிய ஒழுங்கோடு பதியவேண்டும்: எந்தப் பதிப்பு, எந்தக் கடினநிலை, எந்தக் கருவி, எந்த மொழியில் சொன்னார், முன்னர் எவற்றை ஆடியிருந்தார். இதற்கு நிதிக்குழு தேவையில்லை. ஒரு கைப்பேசியும் இரண்டு மணி நேரமும் போதும். அடுத்த பருவத்துக்கான ஆய்வுத் தலைப்புகளை மதிப்பிட அமரும் குழு, ‘சான்றுகள் கல்விப்புலம் சாராதவை’ என்று ஒரு மாணவரின் முன்வரைவைத் திருப்பி அனுப்புமுன், பி.எஃப்.ஜி.யின் நாற்பது கதிர்கள் எங்கிருந்து புறப்படுகின்றன என்பதை அம்மாணவரிடமே கேட்டறியட்டும்.