ஊசியில் நூல் கோர்த்தால் போதுமா?

சர்க்கரை நோய் உள்ள பெண்கள் பலர், ரத்தப் பரிசோதனையைத் தவற விடுவதில்லை. கண்ணை மட்டும் கண்டுகொள்வதே இல்லை. கேட்டால், 'ஊசியில நூல் கோர்க்கிறேன், அரிசியில கல் பொறுக்குறேன். என் கண்ணுக்கு என்ன கேடு?' என்பர்.

எங்கள் தெருவில், 10 ஆண்டுகளாக சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் அக்கா ஒருவரும் இப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தார். இலவச கண் சிகிச்சை முகாமில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது தான், விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருப்பது தெரிந்தது. வலியும் இல்லை, மங்கலும் இல்லை! நல்லவேளை, லேசர் சிகிச்சையால் பார்வை தப்பியது. போன பார்வையை மீட்பது கடினமாம்.

கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது வேறு. விழித்திரையைப் பார்ப்பது வேறு. கண் நன்றாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால், சில மணி நேரம் கண் கூசும். துணைக்கு ஆள் வேண்டும். 'கூட வர ஆளில்லை, வேலை கிடக்கு' என்று தானே தள்ளிப் போடுகிறோம்? கணவருக்கு என்றால் உடனே கிளம்பும் நாம், நமக்கு என்றால் மட்டும் ஏன் நாள் பார்க்க வேண்டும்? ஒரு வேளை சமையல் தாமதமானால், குடி ஒன்றும் முழுகிப் போகாது, தோழிகளே!

— ஒரு வாசகி, மதுரை.