ஒரே கம்பெனி, ஒரே கார், நாலு விலை

கார் இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கற நேரம் வந்தா எல்லாரும் பத்து கம்பெனி விலையை வரிசையா வச்சுப் பார்ப்பாங்க. நான் இந்தத் தடவை ஒரே கம்பெனிக்குள்ளயே எத்தனை விலை வருதுன்னு பார்த்தேன். கம்பெனி பேரு எதுக்கு, முக்காவாசி பேர் கடை இப்படித்தான் இருக்கு.

நம்ம வண்டி 1200 சிசி பெட்ரோல். ஓட்டறது சென்னையில. வயசு மூணு முடிஞ்சு நாலாவது ஓடுது. அந்த மாடல் எக்ஸ்-ஷோரூம் விலை 7 லட்சம்னு வச்சுக்கங்க. மூணு வருஷமா க்ளெய்ம் எதுவும் போடல, அதனால நோ க்ளெய்ம் போனஸ் 35 சதம். வந்த விலை இதுதான்: தேர்ட் பார்ட்டி மட்டும்னா 4,031 ரூபாய். காம்ப்ரிஹென்சிவ் 8,560. அதே காம்ப்ரிஹென்சிவ் இன்னொரு இடத்துல 9,320. ஆட்-ஆன் ரெண்டு சேர்த்தா 12,270. (ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு எனக்குத் தனியா இருக்கு, அதனால அதைச் சேர்க்கல.)

இதுல முதல் விலையில பேரமே கிடையாது. தேர்ட் பார்ட்டி பிரீமியம் அரசாங்கம் நிர்ணயிக்கறது. 1000-லேருந்து 1500 சிசி வரைக்கும் 3,416 ரூபாய்னு 2022 ஜூன் 1-லேருந்து அமலுக்கு வந்தது, அதோட 18 சதம் ஜிஎஸ்டி. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் இதேதான். அதனால ஒப்பிடறதா இருந்தா மிச்சம் இருக்கற 'ஓன் டேமேஜ்' பகுதியை மட்டும் ஒப்பிடுங்க. மொத்தத் தொகையைப் பார்த்தீங்கன்னா எது ஏறுச்சு, எது இறங்குச்சுன்னே புரியாது.

என் ஆபீஸ் நண்பன் ஒருத்தன் "நான் நல்லா ஓட்டுவேன்டா, தேர்ட் பார்ட்டியே போதும்"பான். அவன் நல்லா ஓட்டறதுக்கும் வண்டி திருடு போறதுக்கும் என்ன சம்பந்தம்? பத்துப் பன்னெண்டு வருஷம் ஆன வண்டின்னா அவன் சொல்றதுல நியாயம் இருக்கு. அவன் லோன் இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி.

இப்ப 8,560-க்கும் 9,320-க்கும் வருவோம். பாலிசி ஒண்ணு, கவரேஜ் ஒண்ணு, 760 ரூபாய் எங்க போச்சு? வித்தியாசம் ஐடிவி. அதாவது வண்டி திருடு போனாலோ, ரிப்பேர் செலவு ஐடிவியில 75 சதத்தைத் தாண்டி 'டோட்டல் லாஸ்' ஆனாலோ கைக்கு வர்ற தொகைக்கு அதுதான் கணக்கு. மூணுலேருந்து நாலு வயசு வண்டிக்கு 40 சதம் கழிக்கணும், ஆக 4,20,000 வரணும். ஆனா அந்த ஸ்க்ரீன்ல முதல்ல காட்டின விலைக்கு ஐடிவி 3,60,000. 760 ரூபாய் மிச்சம் பிடிச்சு 60,000 ரூபாயை விட்டுக் கொடுக்கறோம்.

நானும் இந்த மாதிரி ஸ்க்ரீன் எழுதிப் பிழைக்கறவன்தான். எந்த மதிப்பு டிஃபால்ட்டா வரணும்கறதுக்கு ஒரு மீட்டிங்காவது நடந்திருக்கும், அது தானா வந்து உக்காராது. விலை கம்மியா தெரிஞ்சா ஜனங்க க்ளிக் பண்ணுவாங்க, அவ்வளவுதான். பொய்னு சொல்ல முடியாது, ஐடிவி சின்ன எழுத்துல பக்கத்துலயே இருக்கு. ஆனா அதைத் தள்ளுபடி மாதிரி காட்டறது எனக்குப் பிடிக்கல.

அடுத்தது ஜீரோ டெப். சாதா பாலிசியில பார்ட்ஸுக்கும் தேய்மானம் கழிப்பாங்க. ப்ளாஸ்டிக், ரப்பர், பேட்டரிக்கெல்லாம் 50 சதம். கண்ணாடிக்குக் கிடையாது. மெட்டலுக்கு வண்டி வயசுப்படி, நம்ம வண்டிக்கு 25 சதம். முன்பக்கம் ஒரு இடி வாங்குதுன்னு வைங்க. பம்பர் 8,000, ஹெட்லைட் 6,000, பானெட் 12,000, மொத்தம் 26,000. முதல் ரெண்டுலயும் பாதி போச்சு, 7,000. பானெட்டுல 3,000. கட்டாய டிடக்டிபிள் 1,000. ஆக 11,000 நம்ம தலையில, பெயின்ட் கணக்கு தனி. ஜீரோ டெப் இருந்தா அந்த 1,000 மட்டும்தான். அதுக்கு எனக்குக் கேட்ட விலை வரியோட சுமார் 2,240. இந்த ஊர்ல இன்னைக்கு பம்பர் எல்லாமே ப்ளாஸ்டிக், நம்ம ரோடும் அப்படி. எனக்கு இது ஆடம்பரமா தெரியல. வருஷத்துக்கு எத்தனை க்ளெய்ம் வரைக்கும்னு மட்டும் கேட்டுக்கங்க.

ஆனா சென்னைக்காரங்களுக்கு அதை விட முக்கியம் எஞ்சின் ப்ரொடெக்ட். சுமார் 700 ரூபாய்தான். வெள்ளத்துல வண்டி மூழ்கினா சாதா காம்ப்ரிஹென்சிவே கவர் பண்ணும். சீட், வயரிங் எல்லாம் சரி. ஆனா தண்ணி வடியறதுக்குள்ள சாவியைத் திருகிட்டா, சிலிண்டருக்குள்ள போன தண்ணியை பிஸ்டன் அமுக்கப் பார்க்கும், தண்ணி அமுங்காது, கனெக்டிங் ராட் வளைஞ்சிடும். ஹைட்ரோஸ்டாடிக் லாக்ங்கறது இதுதான். அது வெள்ளத்தால வந்த நேரடி சேதம் இல்ல, பின்விளைவுன்னு சொல்லி எஞ்சின் க்ளெய்மை ஒதுக்கிடுவாங்க. 2015 டிசம்பர் பார்த்தாச்சு, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் பார்த்தாச்சு. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் வீடு இருக்கறவங்க டயர் கவர், சாவி கவர்னு டிக் பண்ணிட்டு இதை விடறது எனக்குப் புரியவே இல்ல. இது இருந்தாலும் தண்ணிக்குள்ள ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணுங்க. சில பாலிசியில அதுக்கும் நிபந்தனை வச்சிருக்காங்க.

சின்னக் கீறலுக்கு க்ளெய்ம் போடறதைப் பத்தி ஒரு வரி. இந்த வருஷம் நான் ஒண்ணு போட்டா அடுத்த வருஷம் கிடைக்க வேண்டிய 45 சதம் போனஸ் பூஜ்யமாகும். என் கணக்குல அது வரியோட சுமார் 3,000 ரூபாய், ஒரு வருஷத்துக்கு மட்டும். திரும்ப 20, 25, 35-னு ஏணி ஏறணும். அதனால நாலஞ்சாயிரத்துக்குள்ள ஆகற வேலைக்கு மெக்கானிக் கடைதான்.

கடைசியா நான் எடுத்தது 12,270. ஐடிவி 4,20,000, ஜீரோ டெப், எஞ்சின். டயர், சாவி, ரோட்டோர உதவி எதுவும் இல்ல. வர்ற நவம்பருக்குள்ள பக்கத்துத் தெரு மேம்பாலத்துக்குக் கீழ ராத்திரி நிறுத்த இடம் கிடைக்குமான்னு வேற பார்க்கணும், அங்க இப்பவே போட்டி.