ஆராய்ச்சி என்றால் அப்படியே நம்புவதா?

"ஆராய்ச்சியில் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று எவனாவது சொன்னால் நம்மவர் வாயடைத்துப் போகிறார்கள். சாமியாரையே கேள்வி கேட்கத் துணிந்தவர்கள்கூட இங்கே தலையாட்டுகிறார்கள். இதுவா பகுத்தறிவு?

1998-இல் லண்டன் மருத்துவ ஏடான 'லான்செட்'டில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு என்ற டாக்டரும் அவர் குழுவினரும் ஒரு கட்டுரை எழுதினர். தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசியால் ஆட்டிசம் வரக்கூடும் என்ற ஐயம் அதிலிருந்து கிளம்பியது. பெற்றோர் பயந்தனர். பிரிட்டனில் ஊசி போடுவது குறைந்தது.

எத்தனை பிள்ளைகளைப் பார்த்து எழுதினார்கள்? 12 பேர்! ஊசி போடாத பிள்ளைகளோடு ஒப்பிட்டார்களா? இல்லை. பணம்? ஊசிக் கம்பெனிகள்மீது வழக்குப் போட முனைந்த வழக்கறிஞர் தரப்பில் வேக்ஃபீல்டு பணம் பெற்றதை, 2004-இல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் அம்பலப்படுத்தினார். பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளும் திரிக்கப்பட்டிருந்தன. 2010-இல் லான்செட் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயரும் நீக்கப்பட்டது. பெரிய ஏட்டில் வந்தது என்பதற்காகப் பொய் மெய்யாகிவிடுமா?

அப்படியானால் எல்லா ஆராய்ச்சியும் பித்தலாட்டம் என்று கையை உதறிவிடலாமா? அதுவும் சோம்பேறித்தனமே. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டார்கள். அந்த ஊசியால் ஆட்டிசம் கூடவில்லை என்று 2019-இல் முடிவு வெளியிட்டார்கள். வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் அதையே சொல்லின.

பிரிட்டன் கதை நமக்கெதற்கு என்கிறீர்களா? 2017-இல் தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா ஊசி போட்டபோது, வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பலர் பிள்ளைகளைத் தடுத்து வைத்தனர். 2022-இல் நம் மும்பையில், கோவண்டி போன்ற குடிசைப் பகுதிகளில் தட்டம்மை பரவிப் பிள்ளைகள் மாண்டனர். தவறான நம்பிக்கைக்கு விலை கொடுப்பது ஏழை வீட்டுத் தொட்டில்தான்.

தோழர்களே! பார்சல் ஆபீசில் எடை போடாமல் ரசீது எழுதுவதில்லை. ஆராய்ச்சியையும் எடை போடுங்கள். எத்தனை பேரைப் பார்த்தார்கள்? யாரோடு ஒப்பிட்டார்கள்? பணம் யாருடையது? வேறு யாரேனும் செய்து பார்த்து அதே முடிவுக்கு வந்தார்களா? இந்த நான்கு கேள்விகளைக் கேட்கப் பட்டம் வேண்டியதில்லை. மெட்ரிக் படித்த எனக்கே போதும். விடை கிடைக்கும் வரை எந்தச் செய்தியையும் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைக்குரிய ஊசியை மட்டும் நாள் தவறாமல் போடுங்கள்.