நீரிணைக்கு ஒரு கணக்கு

சுவா சூ காங்கில் எங்கள் புளோக்கிலிருந்து சைக்கிளை மிதித்தால், இடுகாடுகளையும் காய்கறிப் பண்ணைகளையும் கடந்து லிம் சூ காங் படகுத்துறைக்குப் போய்விடலாம். எதிரே மிதவைக் கூண்டுகளில் மீன் வளர்க்கிறார்கள். அதற்கப்பால் ஜொகூர். அங்கு நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: நடுவிலுள்ள தண்ணீருக்கு யார் பொறுப்பு?

கழிவுநீர், வயல் உரம், மீன் தீவனம் ஆகியவற்றிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் கடலில் சேர்ந்தால் பாசி கட்டுக்கடங்காமல் பெருகும். சில வகைப் பாசிகள் மீன்களையே கொல்லும். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நீரிணையின் கிழக்குப் பக்கத்துப் பண்ணைகளில் அப்படித்தான் ஏறத்தாழ 500 டன் மீன்கள் மடிந்தன. பண்ணைக்காரர்களின் உழைப்பு சில நாள்களில் குப்பையானது. 1924ல் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரோட்டத்தை மறிப்பதால் நீரிணை இரண்டு முட்டுச்சந்துகளாகிவிட்டது. அழுக்கு எளிதில் வெளியேறாது.

நிலத்தில் நாம் இதைச் சமாளித்திருக்கிறோம். கிராஞ்சி நீர்த்தேக்கத்தைக் காக்க 1970களில் அங்கிருந்த பன்றிப் பண்ணைகள் பொங்கோலுக்கு அனுப்பப்பட்டன. 1984ல், பன்றி வளர்ப்பையே படிப்படியாக நிறுத்த முடிவானது. பிழைப்பை இழந்தவர்களுக்கு அது கசப்புதான். ஆனால் ஆணையிட ஓர் அரசாங்கம் இருந்தது. நீரிணையில் இரண்டு அரசாங்கங்கள்.

பேச இடமில்லாமல் இல்லை. நிலமீட்பு குறித்து 2003ல் மலேசியா அனைத்துலகத் தீர்ப்பாயத்துக்குச் சென்ற வழக்கு, 2005ல் உடன்பாட்டில் முடிந்தது. நீரிணையின் சுற்றுச்சூழலைக் கவனிக்க இரு நாட்டுக் கூட்டுக் குழுவும் உண்டு. என் கருத்து இதுதான்: அக்குழு ஒரே முறையில் அளந்து, எக்கரையிலிருந்து எவ்வளவு நைட்ரஜன், எவ்வளவு பாஸ்பரஸ் வரலாம் என்று வரம்பு கட்டி, அளவுகளை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்க வேண்டும். பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் 1974லேயே உடன்படிக்கை செய்தும், 2007ல்தான் நாடுவாரியாக இத்தகைய குறைப்பு அளவுகளை ஏற்றன. அக்கடல் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்பது உண்மை. ஆனாலும் யார் எவ்வளவு பாக்கி என்று அங்கே கேட்க முடிகிறது.

"ஆறுகளெல்லாம் அக்கரையிலிருந்துதானே வருகின்றன, நாம் ஏன் கணக்குக் கொடுக்க வேண்டும்?" என்றான் உடன் படிக்கும் நண்பன். அவனைப் படகுத்துறைக்கு அழைத்துப் போனேன். நம் கூண்டுகளில் ஒருவர் தீவனம் வீசிக்கொண்டிருந்தார். மீன் தின்னாத மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டேன். அவன் தண்ணீரைப் பார்த்தான்.