அந்நியர் முன்னிலையில் ஐம்பது நிமிஷம்

கவுன்சலிங் போவதென்று ஒருவழியாகத் தீர்மானம் செய்துகொண்ட மனிதர், போக வேண்டிய நாளுக்கு முந்தின இரவு தூக்கம் பிடிக்காமல் புரண்டுகொண்டே கற்பனை செய்துகொள்ளும் காட்சிகளில் முக்கால்வாசி அங்கே நடக்கப் போவதில்லை. கடிகாரச் சங்கிலியைக் கண்முன் ஆட்டி, உறங்கவைத்து, பூர்வ கதையைக் கறந்துவிடும் டாக்டர் நமது சினிமாவின் சிருஷ்டி. படுத்துக்கொள்ளும் சோபாவும் அநேகமாக இராது. உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டின் பிரசித்தி பெற்ற சோபா, லண்டனில் அவர் கடைசியாக வாழ்ந்து இப்போது மியூசியமாகிவிட்ட வீட்டில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் போகிற அறையில், ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளாதபடி சற்றுக் கோணலாகப் போட்ட இரண்டு நாற்காலிகள், கண்ணில் படும் இடத்தில் ஒரு கடிகாரம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டிஷ்யூப் பெட்டி, பெரும்பாலும் இவ்வளவுதான்.

1794-ல் தோன்றி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்த சென்னை மனநோய் ஆஸ்பத்திரியின் விலாசத்தையே ஒரு வசையாக்கிப் பழகிவிட்ட நாட்டில், மனசுக்கு வைத்தியம் தேடுகிறவர் சந்து பொந்தாகப் பார்த்து நுழைவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. உள்ளே போனபின் அவருக்குக் கிடைக்கும் முதல் ஏமாற்றம், வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டிவிடுவது என்று வந்தவரை, கொட்ட விடாமல் கேள்விகள் குறுக்கிடுவதுதான். தூக்கம் எப்படி, பசி எப்படி, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததுண்டா, இத்தனை நாள் பொறுத்தவர் இப்போது வந்த காரணம் என்ன என்று முதல் அமர்வின் பெரும்பாகம் விசாரணையிலேயே போய்விடும். அவற்றினிடையே, செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதுண்டா என்ற கேள்வியும், காப்பி சாப்பிடுவீர்களா என்று கேட்கிற அதே குரலில், அநேகமாக வரும். திடுக்கிட வேண்டாம். கேட்பதனால் இல்லாத எண்ணம் முளைத்துவிடுவதில்லை என்று ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இருக்கிற எண்ணமோ, யாரும் கேட்காத காரணத்தினாலேயே வெளிவராமல் கிடக்கிறது. அந்த எண்ணம் இப்போதே நெருக்குகிறதென்றால், அமர்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிராமல், இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசக்கூடிய டெலி மானஸ் என்ற அரசாங்கச் சேவையின் 14416 எண்ணை அழைத்துவிட வேண்டும்.

இரண்டாவது ஏமாற்றம் இன்னும் பெரிது. நம்மிடையே துக்கத்தைச் சொன்னால் உபதேசம் கிடைக்கும் என்பது எழுதப்படாத சாசனம். இங்கேயோ, பணம் கொடுத்துக் கேட்டும் உபதேசம் கிடைப்பதில்லை. "நான் என்ன செய்யட்டும், மேடம்?" என்றால், "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேள்வி திரும்பி வருகிறது. இதைச் சாமர்த்தியம் என்றுகூட நினைக்கத் தோன்றும். சில கற்றுக்குட்டிகளிடம் அது வெறும் சாமர்த்தியமாகவே இருப்பதும் உண்டு. ஆனால் மற்ற இடங்களில் நமக்கு உபதேசம் அவ்வளவு தாராளமாகக் கிடைப்பது ஏன் என்று யோசித்துப் பாருங்கள். தாம்பத்தியம் தாங்கவில்லை என்று ஒரு பெண் சொன்னால், கேட்கிற தாய்க்குச் சின்னவளின் கல்யாணம் நினைவுக்கு வருகிறது, அண்ணனுக்குக் கொடுத்த சீர் நினைவுக்கு வருகிறது, சிநேகிதிக்கோ தன் சொந்தத் தாம்பத்தியமே கண்முன் வந்து நிற்கிறது. ஆக, அவளுடைய கதையைக் கேட்கிற ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையில் ஒரு பங்கு இருப்பதனால், அவர்கள் சொல்லும் யோசனையில் அவரவர் பங்குக்கான பாதுகாப்பும் கலந்தே வருகிறது. பங்கில்லாத ஒரு ஜீவன் வேண்டும். அந்த அந்நியத்துக்காகத்தான் நாம் பணம் கொடுக்கிறோம் என்பது என் அபிப்பிராயம்.

அந்த அந்நியத்தைக் காப்பாற்றிக்கொள்வது நமக்குச் சுலபமில்லை. எந்த ஊர், எத்தனை குழந்தைகள், அப்பா என்ன செய்கிறார் என்று விசாரிப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர்கள் நாம். எதிரே இருப்பவர் புன்னகையோடு இரண்டு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுப் பேச்சை நம்மிடமே திருப்பும்போது சற்று முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். ஃபிராய்டு, சிகிச்சையைத் தொடங்குவது பற்றி 1913-ல் எழுதிய கட்டுரையில், ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்த பிரயாணி, உள்ளே இருப்பவருக்கு வெளியே ஓடும் காட்சிகளைச் சொல்லிக்கொண்டு வருவதுபோல, மனத்தில் வருவதையெல்லாம் அற்பம், அபத்தம் என்று தள்ளாமல் சொல்லிவிடும்படி நோயாளியைக் கேட்டுக்கொள்வதாக விவரிக்கிறார். ஜன்னலோரம் நாம்தான். உள்ளே இருப்பவருடைய ஊர் எதுவானால் என்ன?

அதே கட்டுரையில் ஃபிராய்டு பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிறார். தம் பொழுதில் ஒரு மணியை நோயாளிக்கு ஒதுக்கிவிட்டால், அவர் வந்தாலும் வராவிட்டாலும் கட்டணம் உண்டு என்கிறார். இன்றைக்கு ஒரு மணி என்பது பெரும்பாலும் நாற்பத்தைந்து, ஐம்பது நிமிஷம். கடைசி நேரத்தில் ரத்துசெய்தால் கட்டணம் உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. இலவசமாகப் பார்த்ததில் பலன் குறைந்தது என்று எழுதிய அவரே, 1918-ல் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை வேண்டும் என்று பேச, 1920-ல் பெர்லினில் அப்படியொரு நிலையம் திறந்தது. நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவுகளில் கட்டணமில்லை. ஆனால் கூட்டத்தில் ஐம்பது நிமிஷம் கிடைப்பது பாக்கியம்.

சொன்னது வெளியே போகுமா? 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தரங்கத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. மருத்துவ உளவியலர் என்று பலகை மாட்டியவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேட்பதில் அவமரியாதை இல்லை. மாத்திரை எழுதுவது அவர் வேலையல்ல. அதற்கு மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

நாலைந்து அமர்வுகளுக்குள் ஒரு வாரம், வந்ததைவிட மோசமாக வீடு திரும்பவும் நேரலாம். கிளறினால் வலிக்கத்தான் செய்யும். எண்ணங்களை ஆராய்ந்து திருத்துவதற்கு ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் வகுத்த சிகிச்சை முறையைப் பின்பற்றுகிறவராக இருந்தால், மனம் கலங்கிய வேளைகளையும் அப்போது ஓடிய எண்ணத்தையும் கட்டம் போட்டு எழுதிவரச் சொல்வார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப்போலப் பெரியவர்களும் அந்த வீட்டுப்பாடத்தை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவசரமாக எழுதி முடிப்பதாகக் கேள்வி. ஆனால் வலிக்கிறது என்பதும், இவரோடு ஒத்துவரவில்லை என்பதும் இருவேறு விஷயங்கள். சில வாரங்களாகியும் இரண்டாவதுதான் மேலிடுகிறது என்றால், போனை எடுக்காமல் ஒளிந்துகொள்ளாமல், "இது எனக்குப் பிரயோஜனப்படுவதாகத் தெரியவில்லை" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லலாம். அத்தையிடமோ குடும்ப டாக்டரிடமோ சொல்ல முடியாத வாக்கியம் அது. தொழில் தெரிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என்ன ஒத்துவரவில்லை என்று கேட்பார், தேவையானால் வேறொருவரின் பெயரையும் எழுதிக் கொடுப்பார்.