வராத விளையாட்டுக்கு வட்டியில்லாக் கடன்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி வந்து சட்னி வராத இடைவெளியில் பையன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இஞ்சினியரிங் இரண்டாம் வருடம். அவனாக வந்து உட்கார்ந்தால் விஷயம் ரூபாயில்தான் இருக்கும் என்பது இருபது வருட வங்கி அனுபவம் இல்லாதவர்களுக்கும் தெரியும்.

கையில் ஒரு பட்டியல். ஜி.டி.ஏ. 6, விட்சர் 4, வுல்வரின், இன்னும் நாலைந்து. எல்லாம் அவன் ஆவலோடு காத்திருக்கும் வீடியோ கேம்கள். எதற்குக் கடை திறந்தாலும் முதல் நாளே ப்ரீ-ஆர்டர் போட்டு, முழுப் பணத்தையும் கட்டிவிட வேண்டுமாம். அதற்கு என் கிரெடிட் கார்டு வேண்டுமாம்.

மாட்டேன் என்றேன். "உங்களுக்கு கேம்னாலே பிடிக்காதுப்பா" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. பி.காம். படிக்கும்போது கம்ப்யூட்டர் சென்டரில் டேலி கற்றுக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு டேஞ்சரஸ் டேவ் ஆடியவன் நான். இன்றைக்கும் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹாலில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பது அவன் இல்லை, நான். (தங்கமணி இந்த வரியைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்.) அவன் பட்டியலில் இருக்கிற விட்சர் 4-க்கு அவனைவிட நான்தான் அதிகமாகக் காத்திருக்கிறேன். மூன்றாவதை இரண்டு முறை முடித்தவன். 2024 டிசம்பரில் முதல் ட்ரெய்லர் வந்தபோது அதை நாலு தடவை பார்த்தேன். காத்திருப்பது வேறு, கடன் கொடுப்பது வேறு. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஆமாம், கடன்தான். எங்கள் கிளைக்கு ஒருவர் வந்து இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "சார், ஒரு பொருள் தயாரிக்கிறேன். எப்போ முடியும்னு உறுதியா சொல்ல முடியாது. எப்படி இருக்கும்னு இப்போ காட்ட முடியாது, ஒரு விளம்பரப் படம் இருக்கு, பாருங்க. முழுப் பணமும் இன்னைக்கே வேணும். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. தேதி தள்ளிப்போனா மன்னிப்புக் கேட்டு மஞ்சள் கலர்ல ஒரு அறிக்கை விடுவேன்." நாங்கள் என்ன செய்வோம்? டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பி வைப்போம். வீடு கட்டக் கடன் கொடுத்தால்கூட அஸ்திவாரம் முடிந்ததும் கொஞ்சம், லிண்டல் வந்ததும் கொஞ்சம், கூரை போட்டதும் கொஞ்சம் என்றுதான் விடுவிப்போம். நடுவில் எங்கள் எஞ்சினியர் போய்ப் பார்த்துவிட்டு வருவார். நாம் வாங்கப்போகிற பொருளுக்கு அப்படிப் போய்ப் பார்க்க யாரும் கிடையாது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பொருளைக் கொடுக்காமல் வாங்கிய முன்பணம் வருமானம் ஆகாது. பேலன்ஸ் ஷீட்டில் பொறுப்புகள் பக்கம்தான் உட்காரும். அதாகப்பட்டது, அந்தக் கம்பெனிக்கு அது கடன் என்று அவர்கள் கணக்குப் புத்தகமே சொல்கிறது. அந்தப் பக்கம் கடன் என்றால் இந்தப் பக்கம் நாம் யார்? கடன் கொடுத்தவர். ஆனால் உலகத்திலேயே கடன் வாங்கியவருக்கு நன்றி சொல்லிக்கொண்டு, கூடவே அவருக்காக இணையத்தில் சண்டையும் போடுகிற கடன்காரர் நாம்தான்.

முன்பதிவுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. என் அப்பா ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார். ஏனென்றால் நாட்டில் ஸ்கூட்டர் இல்லை, லைசன்ஸ் ராஜ்ஜியத்தில் தேவைக்குத் தயாரிப்பு கிடையாது. கேமும் டிஸ்க்கில் வந்த காலத்தில் கடைக்காரர் எத்தனை பெட்டி வரவழைப்பது என்று தெரிந்துகொள்ள முன்பதிவு உதவியது. முதல் நாள் பெட்டி தீர்ந்துபோகும். இன்றைக்கு நாம் வாங்குவது ஒரு கோப்பு. கோப்பு தீர்ந்துபோகுமா? கோடிப் பேர் இறக்கிய பிறகும் கோடியே ஒன்றாவது ஆளுக்கு அதே கோப்பு இருக்கும். வரிசையே இல்லாத இடத்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதற்குப் பெயர்தான் ப்ரீ-ஆர்டர்.

இது கம்பெனிகளுக்கும் தெரியும். அதனால்தான் இல்லாத தட்டுப்பாட்டை உண்டாக்குகிறார்கள். முன்பதிவு செய்தால் ஒரு தங்கக் கலர் வாள், ஒரு சட்டை. 2023-ல் ஸ்டார்ஃபீல்டு வந்தபோது சாதாரண ஜனங்களுக்கு செப்டம்பர் 6, கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு செப்டம்பர் 1. சிறப்பு தரிசன டிக்கெட்! சாமி அதேதான், ஐந்து நாள் முன்னால் கும்பிடலாம். அதற்கும் முன்னால், 2015-ல், டியூஸ் எக்ஸ்: மேன்கைண்ட் டிவைடடு என்ற கேமுக்கு எத்தனை பேர் முன்பதிவு செய்கிறார்களோ அத்தனைக்குப் பரிசு அடுக்கு உயரும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். ஆள் சேர்த்தால் குக்கர், இன்னும் சேர்த்தால் மிக்ஸி என்று நம்மூரில் நடக்குமே, அதே கதை. அந்த ஒரு முறை மட்டும் ஆட்டக்காரர்கள் காறித் துப்பியதில் திட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அப்படியென்றால் நம்மால் முடியும், செய்வதில்லை, அவ்வளவுதான்.

பையனிடம் நான் சொன்ன முக்கியமான உதாரணம் சைபர்பங்க் 2077. விட்சர் செய்த அதே போலந்து கம்பெனி, சி.டி. ப்ராஜெக்ட். 2012-ல் அறிவித்தார்கள். 2019-ல் கியானு ரீவ்ஸை மேடையேற்றி, 2020 ஏப்ரல் 16 என்று தேதி சொன்னார்கள். அது செப்டம்பர் ஆனது, நவம்பர் ஆனது, கடைசியில் டிசம்பர் 10. வெளிவருவதற்கு முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். அதிலும் தாங்கள் ஆடிப் பதிவு செய்த காட்சிகளைக் காட்டக் கூடாது என்று நிபந்தனை. பழைய பிளேஸ்டேஷன் 4-லும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னிலும் எப்படி ஓடுகிறது என்று விற்பனை நாள் வரை வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்தபோது ஊரே சிரித்தது. நடந்துபோகிறவர் காற்றில் மறைவதும், கார் தரைக்குள் போவதும், திரை உறைந்து நிற்பதும். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதைத் தூக்கிவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. மறுபடி வைத்தது 2021 ஜூனில்.

இதில் ஒரு வங்கிக்காரனாக என்னைத் தூங்கவிடாத விஷயம் அந்தக் கோளாறுகள் இல்லை. வெளியான மறுநாளே கம்பெனி பங்குச்சந்தைக்கு ஒரு அறிவிப்பு கொடுத்தது. டிஜிட்டல் முன்பதிவில் வரவேண்டிய தொகை மட்டுமே, கேமைத் தயாரித்த மொத்தச் செலவையும் அந்த வருட விளம்பரச் செலவையும் தாண்டிவிட்டது என்று. நிதானமாக இன்னொரு தடவை படியுங்கள். பொருள் நன்றாக இருக்கிறதா என்று ஒரு வாடிக்கையாளர்கூட வாய் திறப்பதற்கு முன்னால் போட்ட முதல் முழுவதும் எடுத்தாகிவிட்டது. பிறகு தரத்தைப் பற்றிக் கவலைப்பட அவசரம் எங்கிருந்து வரும்?

கவலைப்பட்டார்கள், இல்லை என்று சொல்லக்கூடாது. மூன்று வருடம் உட்கார்ந்து சரிசெய்தார்கள். 2023 செப்டம்பரில் 2.0 திருத்தமும், அதை ஒட்டி ஃபாண்டம் லிபர்ட்டி என்ற விரிவாக்கமும் வந்தன. நான் அதற்குப் பிறகுதான், தள்ளுபடியில், வாங்கினேன். அருமையான கேம். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கணக்கைப் பாருங்கள்: 2020-ல் நம்பிக்கையோடு முழு விலை கொடுத்தவருக்கு அழுகின காய். மூன்று வருடம் கழித்து அலட்சியமாக வந்த எனக்குப் பாதி விலையில் பழுத்த மாம்பழம். எந்த நிதிப் பாடத்திலும் ரிஸ்க் எடுத்தவனுக்குத்தான் லாபம் அதிகம். இங்கே தலைகீழ். பங்குதாரர்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டு 18.5 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டார்கள். முன்பதிவு செய்த ஆட்டக்காரருக்குக் கேட்டுப் பெற்ற விலைப் பணத்துக்கு மேல் என்ன கிடைத்தது? பங்கு வாங்கினவருக்கு இருக்கிற உரிமை சரக்கு வாங்கினவருக்கு இல்லை.

இவ்வளவு ஞானம் எனக்கு எப்போது வந்தது என்று கேட்பீர்கள். அடி வாங்கித்தான். சில வருடம் முன்னால் பையன் பிறந்தநாளுக்கு ஒரு பெரிய கேமுக்கு நாலாயிரம் ரூபாய் முன்கூட்டியே கட்டினேன். பெயர் வேண்டாம், விற்றவர் பெயரும் வேண்டாம். வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பே கோப்பு தானாக இறங்கி உட்கார்ந்துகொண்டது. ஆடினால் அரைமணிக்கு ஒரு தரம் நின்றது. பணத்தைக் கேட்டால், 'நீங்கள் இறக்கிவிட்டீர்கள், எனவே திருப்பித் தர இயலாது' என்று பதில். இறக்கியது நானா? இந்த விஷயத்தில் ஸ்டீம் தேவலை. 2015-லிருந்து, வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் பணம் திரும்பும், வெளிவராத கேமுக்கு எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். ஆனால் நூறு மணிநேரக் கேமில் இரண்டு மணி நேரம் என்பது கதாநாயகனுக்கு மீசை வைத்து முடிப்பதற்கே சரியாகப் போய்விடும்.

இதைவிடப் பெரிய அடி ஒன்று இருக்கிறது, நம்மில் பாதிப் பேருக்குப் பொதுவானது. ஊரைவிட்டு வந்து, வாடகை வீட்டில் மாறி மாறி அலுத்து, 2011-ல் புனேவுக்கு வெளியே வண்ணப் புத்தகத்தில் மட்டும் இருந்த ஒரு அபார்ட்மெண்டுக்கு முன்பணம் கட்டினேன். நீச்சல் குளம், தென்னை மரம், சிரிக்கிற வெள்ளைக்காரக் குடும்பம் எல்லாம் படத்தில் இருந்தன. சாவி கைக்கு வந்தது சொன்னதற்கு நாலு வருடம் கழித்து. அதுவரை வாடகையும் கட்டி, தவணையும் கட்டினேன். நம்மைப் போல ஆயிரக்கணக்கான பேர் தெருவில் நின்ற பிறகுதான் 2016-ல் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. வீடு வாங்குகிறவர்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் போட்டு, அந்தக் கட்டடத்துக்குத்தான் செலவழிக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவு செய்யாமல் 10 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. கேமுக்கு அப்படி ஒரு தனிக் கணக்கு உண்டா? நம் பணம் கேமுக்குப் போகிறதா, அடுத்த விளம்பரத்துக்குப் போகிறதா, யாருக்குத் தெரியும்?

"அப்போ சின்ன கம்பெனிங்க எல்லாம் எப்படிப்பா பொழைப்பாங்க?" இது பையனின் கடைசி அஸ்திரம். நியாயமான கேள்விதான். 'நாங்கள் செய்யப்பார்க்கிறோம், சூதாட்டம் மாதிரிதான், நம்பினால் கொடுங்கள்' என்று வெளிப்படையாகக் கேட்பவர்களிடம் எனக்குச் சண்டை இல்லை. அதிலும் கண்ணைத் திறந்துகொண்டு கொடுக்க வேண்டும். ஸ்டார் சிட்டிசனுக்கு 2012-ல் வசூல் ஆரம்பித்தார்கள். 2024-ல் வசூல் 70 கோடி டாலரைத் தாண்டியபோதும் முழு கேம் வெளிவந்திருக்கவில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். ஹாலோ நைட்: சில்க்சாங். ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். 2019-ல் அறிவித்தார்கள், ஆறரை வருடம் உலகமே காத்திருந்தது. முன்பதிவு வாங்கியிருந்தால் கொட்டியிருக்கும். வாங்கவில்லை. 2025 செப்டம்பர் 4-ல் கடையில் வைத்தார்கள், விலை 20 டாலர். வாங்க வந்த கூட்டத்தில் ஸ்டீம் கடையே சிறிது நேரம் படுத்துவிட்டது. நல்ல சரக்கு இருந்தால் முன்பணம் எதற்கு?

நமக்கு நெருக்கமான வெண்பாவும் அப்படித்தான். கனடாவில் டொராண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் செய்தது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோகும் ஒரு தமிழ்க் குடும்பம், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பேடு, தமிழ் பேச மறுக்கும் பிள்ளை. 2023 ஜூலை 31-ல் வந்தது, அடுத்த வருடம் புதியவர்களுக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. மொத்தமே இரண்டு மணி நேரம். வந்த அன்றைக்கு வாங்கினேன், வருவதற்கு முன்னால் அல்ல. கேம் என்றாலே எழுந்து போகிற தங்கமணி அன்றைக்குக் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில் "அப்படி இல்லைங்க, மாத்தி வைங்க" என்று ரிமோட்டைப் பிடுங்காத குறை. பையன் அவளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டிலும் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வந்த வருடங்கள் உண்டு.

ஜி.டி.ஏ. 6-க்கு வருகிறேன். 2013-ல் வந்த ஐந்தாம் பாகம் 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. ஆறாவதை முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள். 2025 நவம்பரில் அதையும் 2026 நவம்பர் 19-க்குத் தள்ளினார்கள். தள்ளட்டும், நன்றாகச் செய்ய நேரம் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இவ்வளவு பணம் வைத்திருக்கிற ஆளுக்கு, மாதச் சம்பளக்காரன் வட்டியில்லாக் கடன் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

சாயங்காலம் பையனைக் கூப்பிட்டு ஒரு ஒப்பந்தம் பேசினேன். அவன் பெயரில் மாதம் ஐநூறு ரூபாய் ரெக்கரிங் டெபாசிட். பட்டியலில் இருக்கிற எந்த கேம் வந்தாலும் ஒரு வாரம் பொறுக்க வேண்டும், காசு கொடுத்து வாங்கி ஆடினவர்கள் நாலு பேர் சொல்வதைப் படிக்க வேண்டும். அப்புறம் அவன் பணத்தில் அவனே வாங்கிக்கொள்ளலாம், நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "ஒரு வாரம் ரொம்ப அதிகம்ப்பா. மூணு நாள்."

நாலு நாளுக்கு முடித்தோம். சமையலறையிலிருந்து தங்கமணி, "ஃபிளாட்டுக்குப் பணம் கட்டினப்போ இந்த ஒரு வாரக் கணக்கு எங்கங்க போச்சு?" என்றார். காதில் விழாத மாதிரி டிவியைப் போட்டேன்.