அண்டை நாட்டு ஏடுகள்

ஒரு நாட்டின் வரலாறு அந்நாட்டார் எழுதி வைத்த ஏடுகளில் மட்டும் அடங்கிவிடுவதில்லை. அடுத்த வீட்டார் எழுதி வைத்த குறிப்புகளிலும் நம் கதை இருக்கும். பர்மாவின் வரலாற்றில் இதை மெய்ப்பித்துக் காட்டியவர் பேராசிரியர் கார்டன் லூஸ் (1889–1979).

ஆங்கில இலக்கியம் கற்பிக்க 1912இல் ரங்கூனுக்கு வந்தவர் அவர். வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டு, பென்ஷனுடன் இங்கிலாந்து திரும்பியிருக்கலாம். அவரோ பர்மிய மொழியைக் கற்றார். பர்மியப் பெண்மணியை மணந்தார். மைத்துனர் பே மாங் டின்னுடன் சேர்ந்து ‘கண்ணாடி அரண்மனை வரலாறு’ என்னும் அரச வரலாற்றின் ஒரு பகுதியை 1923இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

அந்த நூல் 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்டது. பழங்காலத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது என்று கண்ட லூஸ், கல்வெட்டுகளையும் சீன ஏடுகளையும் நாடினார். பியூ அரசர் 802இல் சீனப் பேரரசருக்குத் தூதுக்குழுவுடன் 35 இசைக் கலைஞர்களை அனுப்பிய செய்தியைக் காத்து வைத்தவை சீன ஏடுகளே. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் குப்ளாய்கானின் படை பர்மாவில் புகுந்தபோது ஒரு பௌத்தத் துறவி சீனம் சென்று, உழவர் இன்றி நாடு இல்லை என்று எடுத்துரைத்துப் படையைத் திரும்பப் பெற வேண்டியதைச் சொல்வதோ பர்மியக் கல்வெட்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் உண்மை துலங்கும். யுன்னான் பகுதி பற்றி 9ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘மான் ஷூ’ என்ற சீன நூலின் அவரது மொழிபெயர்ப்பு 1961இல் வெளியாயிற்று.

இப்பணி சுகமாக நடந்துவிடவில்லை. 1942இல் ஜப்பானியர் படையெடுப்பின்போது, சேர்த்து வைத்த நூல்களையும் குறிப்புகளையும் இழந்து இந்தியா வந்தார். அதே ஆண்டில்தான் ஆயிரக்கணக்கான தமிழர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தனர். போருக்குப்பின் ரங்கூன் திரும்பி மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1964இல், ராணுவ ஆட்சியின்கீழ், அந்நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. அப்போது வயது 75. அதன் பிறகே, பாகன் நகரைப் பற்றிய அவரது மூன்று தொகுதிப் பெருநூல் 1969–70இல் வந்தது.

பிழைப்புக்காகப் பிற மாநிலம் வந்திருக்கும் நாம், கடையில் பேரம் பேசவும் ஆபீஸ் காரியம் முடிக்கவும் போதிய அளவோடு இவ்வூர் மொழியை நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த படியாக, அதன் எழுத்தைப் படிக்கப் பழக வேண்டும். அண்டை வீட்டாரை அறிந்துகொள்ள மட்டுமல்ல. அவர்கள் ஏட்டில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் அதுவே வழி.